வழியனுப்பத் தெரிந்த சபைக்கு வரவேற்கத் தெரிகிறதா?

2020 மார்ச் 22, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவின் யூட்டா மாநிலத் தலைநகர் சால்ட் லேக் சிட்டி. நான்கு நாட்களுக்கு முன்புதான் 5.7 அளவிலான நிலநடுக்கம் அந்த ஊரைக் குலுக்கியிருந்தது. மார்மன் சபையின் ஆலயக் கோபுர உச்சியில் பொன்னிறத்தில் நிற்கும் தேவதூதர் சிலையின் கையிலிருந்த எக்காளம் கழன்று விழுந்திருந்தது. இன்னொரு பக்கம் கொரோனா அச்சம். நான்கு பேர் கூடவே யோசித்த நேரம் அது. ஆனால் விமான நிலையத்தின் வாகன நிறுத்தக் கட்டடத்தில் மட்டும் கூட்டம் அலைமோதியது. பலூன்கள், கையால் எழுதிய வரவேற்புப் பதாகைகள், தோளில் தூக்கிய தம்பி தங்கைகள். பிலிப்பைன்ஸிலிருந்து ஐந்து விமானங்களில் அந்தச் சபையின் 1,600க்கும் மேற்பட்ட இளம் மிஷனரிகள் வந்திறங்கிக்கொண்டிருந்தார்கள். கறுப்புப் பெயர் அட்டை குத்திய பிள்ளை கதவைத் தாண்டி வெளியே வந்ததும், தூர நிற்கவேண்டும் என்ற அறிவுரையெல்லாம் காற்றில் போனது. ஓடிப்போய்க் கட்டிக்கொண்டார்கள்.

கூட்டம் சேர்ந்ததற்கு அரசுத் தரப்பிலிருந்து கண்டனம் வந்தது. அதைவிடப் பெரிய சோதனை வீட்டில் காத்திருந்தது. வந்தவர்கள் அனைவரும் 14 நாட்கள் தனித்திருக்க வேண்டும். மாதக்கணக்கில் ஒரு நிமிடம்கூடத் தனியாக இருந்தறியாதவர்கள், சொந்த வீட்டில், சிறுவயதில் படுத்த அதே கட்டிலில், அடைத்த கதவுக்குள் உட்கார்ந்தார்கள்.

பெருந்தொற்று அந்தப் பிள்ளைகளின் திரும்புதலை அவசரப்படுத்தியது, அவ்வளவுதான். அந்த அறைக்குள் அவர்கள் அனுபவித்ததை, அயல்நாட்டு ஊழியம் முடித்துத் திரும்பும் எல்லோரும் ஏதோ ஒரு வடிவில் அனுபவிக்கிறார்கள். போகும்போது பயிற்சி உண்டு, மொழிப் பாடம் உண்டு, பிரதிஷ்டை ஆராதனை உண்டு, கண்ணீர் ஜெபம் உண்டு. வரும்போது என்ன இருக்கிறது? பெரும்பாலான சபைகளில் ஒரு பொன்னாடையும் ஐந்து நிமிட சாட்சியும்.

அட்டை கழலும் இரவு

பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்பது மார்மன் சபையின் முறையான பெயர். அதன் கோட்பாடுகளை மற்ற கிறிஸ்தவ சபைகள் பலவும் ஏற்பதில்லை. அந்த விவாதம் இங்கே வேண்டாம். இளைஞர்களை இவ்வளவு எண்ணிக்கையில், இவ்வளவு கட்டுக்கோப்பாக அனுப்பித் திரும்ப அழைத்துக்கொள்ளும் சபை வேறு இல்லை என்பதால்தான் முதலில் அங்கே பார்க்கிறோம். கொரோனா வந்த நேரத்தில் உலகெங்கும் அவர்களுக்கு 67,000 மிஷனரிகள் இருந்தார்கள். ஆண்களுக்கு 24 மாதம், பெண்களுக்கு 18 மாதம். 2012 அக்டோபரில் ஆண்கள் புறப்படும் வயதை 19லிருந்து 18ஆகவும், பெண்களுக்கு 21லிருந்து 19ஆகவும் குறைத்தார்கள். பள்ளிக்கூட வாசலைத் தாண்டியதும் மிஷன் களம் என்றானது.

அங்கே வாழ்க்கைக்கு அட்டவணை உண்டு. காலை ஆறரைக்கு எழ வேண்டும், இரவு பத்தரைக்கு விளக்கை அணைக்க வேண்டும் என்பது நெடுங்காலப் பழக்கம். எப்போதும் ஒரு துணை ஊழியர் கூடவே இருப்பார். கழிவறை தவிர வேறெங்கும் தனியாகப் போகக்கூடாது. சினிமா இல்லை, காதல் இல்லை. வீட்டோடு பேசுவதற்கு நெடுங்காலம் ஆண்டில் இரண்டே நாட்கள்தான்: கிறிஸ்துமஸும் அன்னையர் தினமும். வாரம் ஒருமுறை பேசலாம் என்ற அனுமதி 2019 பிப்ரவரியில்தான் வந்தது. பெயர்கூட மாறிவிடும். ஆணென்றால் ‘எல்டர்’, பெண்ணென்றால் ‘சிஸ்டர்’, அதோடு குடும்பப் பெயர். அம்மா கூப்பிட்ட பெயரை இரண்டு ஆண்டுகளாக யாரும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள்.

ஊர் வந்து சேர்ந்ததும் வட்டாரத் தலைவரைப் பார்க்க வேண்டும். பல வீடுகளில் விமான நிலையத்திலிருந்து நேரே அங்கேதான் போவார்கள். அவர் சற்று நேரம் பேசுவார், ஜெபிப்பார், ஊழியத்திலிருந்து முறைப்படி விடுவிப்பார். அதன்பின் சட்டையிலிருந்து அந்தக் கறுப்பு அட்டையைக் கழற்ற வேண்டும். உள்ளங்கையில் அடங்குகிற பிளாஸ்டிக் துண்டு. ஆனால் அதைக் குத்தியிருந்தவரை அந்நியர் வீட்டுக் கதவைத் தட்டும் துணிச்சல் அந்தப் பிள்ளைக்கு இருந்தது; முன்பின் தெரியாதவர்களும் தங்கள் துக்கத்தைக் கொட்டினார்கள். ஒரு நிமிட வேலையில் அந்தப் பிள்ளை மறுபடியும் சாதாரண இருபது வயதுப் பிள்ளையாகிவிடுகிறது.

மறுநாள் காலை ஆறரைக்கு விழிப்பு வந்துவிடும். எழுந்து என்ன செய்வது? பக்கத்துக் கட்டிலில் துணை இல்லை. நாள் முழுவதும் காலியாகக் கிடக்கிறது. கையில் மறுபடியும் கட்டுப்பாடில்லாத கைப்பேசி. கல்லூரியில் எந்தப் படிப்பு, எந்த வேலை, எப்போது கல்யாணம் என்று கேள்விகள் வரிசை கட்டுகின்றன. இந்தக் கல்யாணக் கேள்வி நம் ஊருக்கு மட்டும் உரியது என்று நினைக்க வேண்டாம். யூட்டா மாநிலத்துப் பெரியவர்களும் சளைக்காமல் கேட்பவர்கள்தான்.

இவர்களிலும் மிகவும் அடிபடுகிறவர்கள், உடல்நலமோ மனநலமோ குன்றி, காலம் முடியும் முன்பே திரும்புகிறவர்கள். யூட்டா வேலி பல்கலைக்கழகத்தில் சமூகப் பணித் துறைப் பேராசிரியரான கிறிஸ்டின் டோட்டி அப்படித் திரும்பியவர்களிடம் ஆய்வு நடத்தினார். அவர்களில் 73 சதவீதம் பேர், தாங்கள் தோற்றுப்போனதாகவே உணர்ந்ததாகச் சொன்னார்கள். காய்ச்சலில் படுத்தவனைத் தோற்றவன் என்று யாரும் சொல்வதில்லை. மன அழுத்தத்தில் திரும்பிய பிள்ளையின் வீட்டில் மட்டும் பதாகையும் கட்டுவதில்லை, பலூனும் பறப்பதில்லை. விசாரிக்க வருகிறவர்களும் குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசுகிறார்கள். சபை என்ற பெயரைத் தாங்கும் எந்தக் கூட்டத்துக்கும் இது வெட்கக்கேடு.

▣ ஆய்வாளர்கள் கண்டது

• அயல்நாட்டில் கால்வைத்தவர் படும் தடுமாற்றத்துக்குப் ‘பண்பாட்டு அதிர்ச்சி’ என்ற பெயரைப் பரவலாக்கியவர் மானிடவியலாளர் கலர்வோ ஓபெர்க். அவருடைய புகழ்பெற்ற கட்டுரை 1960இல் வெளிவந்தது.

• போர் முடிந்து வீடு திரும்பும் வீரர்களை மனத்தில் வைத்து, சமூகவியலாளர் ஆல்ஃபிரெட் ஷூட்ஸ் 1945இல் ஒரு கட்டுரை எழுதினார். பிரிந்திருந்த காலத்தில் போனவரும் மாறியிருக்கிறார், வீட்டிலிருந்தவர்களும் மாறியிருக்கிறார்கள். இருவருமே பழைய ஆளைத்தான் தேடுகிறார்கள் என்பது அதன் சாரம்.

• போகும்போது ஒரு சரிவு, திரும்பும்போது இன்னொரு சரிவு என்று இரட்டைப் பள்ளமாக இந்த அனுபவத்தை 1963இல் வரைந்து காட்டினார்கள் கல்லஹார்ன் தம்பதியர். இரண்டாவது பள்ளத்தை யாரும் எதிர்பார்ப்பதில்லை, ஆபத்தே அதில்தான்.

கதை கேட்க வந்த கூட்டம்

திரும்பி வந்தவரை வரவேற்கத் தெரியாத இந்த நோய் பழையது. பர்மாவில் 1813ஆம் ஆண்டு இறங்கிய அமெரிக்க மிஷனரி அதோனிராம் ஜட்சன், சிறையில் விலங்கோடு கிடந்தவர், பர்மிய மொழிக்கு முழு வேதாகமத்தையும் தந்தவர். தாய்நாட்டை அவர் மறுபடி பார்த்தது 1845 அக்டோபரில், பாஸ்டன் துறைமுகத்தில். அந்தப் பயணமே மனைவி சாராவின் உடல்நலத்துக்காகத்தான். வழியில், செயின்ட் ஹெலினா தீவருகே கப்பலிலேயே சாரா இறந்துபோனார். அவரை அந்தத் தீவில் புதைத்துவிட்டு, தாயில்லாத பிள்ளைகளோடு வந்திறங்கிய மனிதரைப் பார்க்க ஊர் ஊராகக் கூட்டம் திரண்டது. அவருக்கோ தொண்டை கெட்டுக் குரல் எழவில்லை. அவர் மெல்லச் சொல்வதைப் பக்கத்தில் நின்ற ஒருவர் உரக்கத் திருப்பிச் சொல்ல வேண்டியிருந்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் பர்மிய மொழியிலேயே பேசிப் பிரசங்கித்தவருக்கு ஆங்கில மேடையும் அந்நியமாகிவிட்டிருந்தது.

மக்கள் எதிர்பார்த்தது சாகசக் கதை. ராஜாவின் சிறை, யானை, காடு. அவர் ஒரு சபையில் கிறிஸ்துவின் அன்பைப் பற்றி எளிமையாகப் பேசிவிட்டு அமர்ந்தார். வந்தவர்களின் முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது என்று அவருடைய வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. 1846இல் மறுபடி கப்பலேறிவிட்டார். நான்கு ஆண்டுகளில் வங்கக் கடலில் அவர் உயிர் பிரிந்தது.

நம் சபைகளின் மிஷனரி ஞாயிறை நினைத்துப் பாருங்கள். பாட்டு, காணிக்கை, அறிவிப்பு எல்லாம் முடிந்து மணி பதினொன்றே முக்கால். ‘சகோதரர் ஐந்து நிமிடம் சாட்சி சொல்லுவார்.’ பத்து ஆண்டுகளை ஐந்து நிமிடத்தில் அடைக்க வேண்டும். ‘எத்தனை ஞானஸ்நானம், எத்தனை ஆலயம்’ என்ற கணக்குதான் கேட்கப்படும் என்று அவருக்குத் தெரியும். பாம்பு கடித்துப் பிழைத்ததைச் சொன்னால் சபை நிமிர்ந்து உட்காரும். ஆறாம் ஆண்டில் விசுவாசம் வறண்டு, ஜெபிக்க வாய் வராமல் கிடந்த மழைக்காலத்தைச் சொன்னால்? அதைச் சொல்ல அவருக்கு இடமே இல்லை. அதனால் பாம்புக் கதையைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறார். ‘நல்லா பேசினீங்க, பிரதர்’ என்று கைகொடுத்துவிட்டு எல்லோரும் சாப்பாட்டுக்குக் கிளம்பிவிடுகிறார்கள்.

மதுரையிலிருந்து பர்மிங்காமுக்கு

தமிழ்நாட்டோடு நேரடித் தொடர்புள்ள ஒரு திரும்புதல் உண்டு. லெஸ்லி நியூபிகின் 1936இல் ஸ்காட்லாந்து சபையின் மிஷனரியாகச் சென்னை வந்தார். காஞ்சிபுரத்தில் பணி செய்தார். தமிழ் கற்று, தமிழில் பிரசங்கித்தார். தென்னிந்தியத் திருச்சபை 1947இல் உருவானபோது மதுரை–இராமநாதபுரம் பேராயரானார். 1965 முதல் சென்னைப் பேராயர். 1974இல் ஓய்வுபெற்றதும் அவரும் மனைவி ஹெலனும் விமானம் ஏறவில்லை. இரண்டு பெட்டி, ஒரு முதுகுப்பை. உள்ளூர்ப் பேருந்துகளில் தொற்றி, நாடு நாடாகத் தரைவழியே இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார்கள். ஆதித் திருச்சபைப் பிதாக்கள் வாழ்ந்த துருக்கியின் கப்பதோக்கியா பகுதியில் ஒரு ஞாயிறு. அங்கே அவர்களோடு சேர்ந்து ஆராதிக்க ஒரு கிறிஸ்தவரும் அகப்படவில்லை. கணவனும் மனைவியுமாக இருவரே ஆராதித்தார்கள். அது அவர் மனத்தை விட்டு அகலவேயில்லை.

பர்மிங்காமில் குடியேறிய பிறகு அவரிடம் பலரும் கேட்டது, இந்தியாவிலிருந்து வந்ததில் எது கடினம் என்று. சாப்பாடோ குளிரோ அவருக்குப் பெரிதாகப் படவில்லை. இங்கிலாந்தில் மக்களிடம் நம்பிக்கையே வற்றிப்போயிருக்கிறது என்பதுதான் அவர் சொன்ன பதில். சென்னைச் சேரிகளில் நாளை நன்றாக இருக்கும் என்று நம்பியவர்களோடு வாழ்ந்தவருக்கு, வசதியான நாட்டின் வெறுமை தாங்கவில்லை.

இந்த இடத்தில் நியூபிகின் செய்ததுதான் முக்கியம். எழுபது வயதில், வின்சன் கிரீன் என்ற ஏழைக் குடியிருப்பில், சிறைச்சாலைக்கு எதிரே மூடப்படும் நிலையிலிருந்த ஒரு சிறிய சபைக்கு ஆயராகப் போனார். சொந்த நாட்டையே மிஷன் களமாகப் பார்த்தார். மேற்கத்தியப் பண்பாட்டுக்குச் சுவிசேஷம் என்ன சொல்கிறது என்று அவர் எழுதிய நூல்கள் இன்றும் இறையியல் கல்லூரிகளில் பாடம். திரும்பி வந்தவரின் கண்ணுக்குத்தான் வீட்டுச் சுவரின் விரிசல் தெரிந்தது. அப்படிப்பட்ட கண்ணோடு வருகிற ஒருவரைச் ‘சீக்கிரம் பழசுக்கு மாறு’ என்று அவசரப்படுத்துகிற சபை, தனக்குக் கிடைத்த கொடையைத் தானே வீணாக்குகிறது.

‘உன் ஊர் எது?’

பெரியவர்களாவது திரும்புகிறார்கள். அவர்களுடைய பிள்ளைகள்? அப்பா அம்மாவுக்கு ‘வீடு’ என்று இருப்பது பிள்ளைக்கு வெளிநாடு. 1901இல் அமெரிக்க மிஷனரிகள் தங்கள் பிள்ளைகளுக்காகக் கொடைக்கானலில் தொடங்கிய ஹைகிளெர்க் பள்ளிதான் இன்றைய கொடைக்கானல் சர்வதேசப் பள்ளி. பெற்றோர் சமவெளியில் ஊழியம் செய்ய, பிள்ளைகள் மலைமேல் விடுதியில் வளர்ந்தார்கள். படிப்பு முடிந்து கல்லூரிக்காக அமெரிக்கா போனால், பேச்சும் நிறமும் அந்த ஊர்ப் பிள்ளையைப் போலவே இருக்கும். ஆனால் அங்கே எல்லோருக்கும் தெரிந்த பாட்டு இவர்களுக்குத் தெரியாது, விளையாட்டு தெரியாது, கடையில் எதை எப்படிக் கேட்பது என்று தெரியாது. வெளிநாட்டுக்காரர் தடுமாறினால் உதவி கிடைக்கும். சொந்த நாட்டுக்காரர் தடுமாறினால் சிரிப்புதான் மிச்சம்.

இத்தகைய பிள்ளைகளுக்கு ‘மூன்றாம் பண்பாட்டுப் பிள்ளைகள்’ என்று பெயரிட்டவர் சமூகவியலாளர் ரூத் யூசீம். அந்தச் சிந்தனை முளைத்ததும் இந்தியாவில்தான்: 1950களில் அவரும் கணவர் ஜானும் இங்கே வாழும் அமெரிக்கர்களை ஆராய வந்தபோது. நைஜீரியாவில் மிஷனரிக் குடும்பத்தில் வளர்ந்த ரூத் வான் ரெக்கன், டேவிட் பொல்லக்கோடு சேர்ந்து இதைப் பற்றி எழுதிய நூல் 1999இல் வந்தது. விடைபெற நேரம் கிடைக்காத பிரிவுகள் மனத்தில் தேங்கி நிற்கின்றன என்பது அவர்கள் அழுத்திச் சொன்னது. ஆயா, தோட்டக்காரர், நாய்க்குட்டி, விடுதித் தோழி என ஒரு குழந்தை இழந்தவற்றின் பட்டியல் நீளமானது. ‘ஆண்டவருக்காக வந்தோம், அழக்கூடாது’ என்று வாயை அடைத்தால் அந்த அழுகை நாற்பது வயதில் வேறு வழியில் வெளியே வரும்.

இரண்டு வாரப் பயணம்

குறுகிய காலப் பயணங்களின் கதை வேறு. அமெரிக்கச் சபைகளிலிருந்து ஆண்டுதோறும் லட்சக்கணக்கானோர் ஒரு வாரம், இரண்டு வாரம் என்று ஏழை நாடுகளுக்குப் போய்வருகிறார்கள். திரும்பும்போது எல்லோரும் சொல்வது: ‘என் வாழ்க்கையே மாறிவிட்டது.’ 1998இல் மிட்ச் புயல் ஹோண்டுராஸைச் சூறையாடியது. அதன்பின் வீடு கட்டிக்கொடுக்கப் போன வட அமெரிக்கக் குழுக்களைச் சமூகவியலாளர் கர்ட் வெர் பீக் பின்தொடர்ந்து ஆராய்ந்தார். ஒரு குழு போய்வர ஆன செலவு சராசரியாக 30,000 டாலர். அதே வீட்டை உள்ளூர் அமைப்பு கட்டிய செலவு 2,000 டாலர். போனவர்களிடம் நிலைத்த மாற்றமும் சொற்பமே. கொடுக்கும் காணிக்கையோ ஜெபமோ பெரிதாகக் கூடவில்லை.

இதை வைத்து அப்படிப் போகிறவர்களைப் பழிப்பது நியாயமில்லை. மனம் உருகியது உண்மைதான். அந்த உருக்கத்தைப் பிடித்து, ஒழுங்குபடுத்தி, ஒரு பழக்கமாக்க ஊரில் ஆளில்லை. பேரங்காடியில் முப்பது வகைக் காலை உணவுப் பெட்டிகளுக்கு முன்னால் நின்று அழும் இளம்பெண்ணைப் பற்றித் திரும்பியவர்கள் வழக்கமாகச் சொல்வதுண்டு. அந்தக் கண்ணீர் காயும் முன்பு யாராவது அவளோடு உட்கார்ந்து, ‘சரி, இனி என்ன செய்யலாம்?’ என்று பேசியிருந்தால் கதை வேறு. யாரும் பேசுவதில்லை. முதல் வாரம் அவள் வீட்டார்மேல் எரிச்சல்படுகிறாள், இரண்டாம் வாரம் தன்மேலேயே எரிச்சல், மூன்றாம் மாதம் பழைய வாழ்க்கை.

▣ 20 பேரில் ஒருவர்

உலகச் சுவிசேஷக் கூட்டமைப்பு 1990களின் நடுவில் 14 நாடுகளின் மிஷன் சங்கங்களிடம் ஆய்வு நடத்தியது. இந்தியாவும் அதில் ஒன்று. முடிவுகள் 1997இல் நூலாயின.

• ஆண்டுதோறும் களத்தை விட்டுத் திரும்பும் மிஷனரிகள்: 5.1%

• அவர்களில் தவிர்த்திருக்கக்கூடிய காரணங்களுக்காகத் திரும்பியோர்: 71%

• அமெரிக்கா, பிரிட்டன் போன்ற, மிஷனரிகளை அனுப்புவதில் பழைய நாடுகளில் பிள்ளைகள் பிரச்சினை முக்கியக் காரணம். இந்தியா, பிரேசில், நைஜீரியா போன்ற புதிய நாடுகளில், அனுப்பிய சபையின் ஆதரவு போதாமை முன்வரிசையில் நிற்கிறது.

நம் வீட்டு வாசலில்

அந்த ஆய்வின் கடைசி வரி நமக்கானது. வேதநாயகம் சாமுவேல் அசரியாவும் தோழர்களும் 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கினார்கள். வெள்ளைக்காரர் பணமில்லாமல், திருநெல்வேலிக் கிறிஸ்தவர்களின் காணிக்கையில், தெலுங்கு பேசும் தோர்ணக்கல்லுக்கு மிஷனரி அனுப்பினார்கள். அன்று முதல் நெல்லை, குமரி, தூத்துக்குடி கிராமங்கள் நூறாண்டுக்கும் மேலாகப் பிள்ளைகளை அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. கடவுச்சீட்டு தேவைப்படாத பயணம்தான். ஆனால் மொழி வேறு, சோறு வேறு, சாமி வேறு, சட்டம் வேறு. திரும்பி வரும்போது நேர்வதும் கடல் கடந்தவர்களுக்கு நேர்வதேதான்.

இருபத்தைந்து ஆண்டு வடக்கே உழைத்துவிட்டு ஊர் வரும் குடும்பத்துக்குப் பெரும்பாலும் சொந்த வீடு இருக்காது. அன்று செண்டு கணக்கில் வாங்கிப் போட்டிருக்கலாமே என்று இன்று எல்லோரும் புத்தி சொல்வார்கள். ‘கல்யாணத்துக்கும் வரல, சாவுக்கும் வரல’ என்று சொந்தக்காரர்கள் மனத்தாங்கலோடு இருப்பார்கள். இந்தியோ ஒடியாவோ படித்து வளர்ந்த பிள்ளைக்குத் தமிழ் பேசவரும், எழுதவராது. வேலைக்கான தேர்விலும் வரன் பார்க்கிற இடத்திலும் அது வந்து இடிக்கும். அங்கே ஒரு பகுதிக்கே மூத்தவராக இருந்தவர், இங்கே சபை வருடாந்திரக் கூட்டத்தில் பின்வரிசையில் உட்காருவார். கணவருக்காவது அழைப்பு வரும், பிரசங்கம் வரும். மனைவிக்கு? அவரும் அதே இருபத்தைந்து ஆண்டு, பிரசவம் பார்த்து, எழுத்து சொல்லிக்கொடுத்து, மண்ணெண்ணெய் விளக்கொளியில் சமைத்து ஊழியம் செய்தவர்தான். அவரை மேடையில் ஏற்றிக் கேட்ட சபைகள் மிகக் குறைவு.

அந்தியோகியா செய்தது

இதற்கு வழி வேதத்திலேயே இருக்கிறது. அப்போஸ்தலர் நடபடிகள் 14ஆம் அதிகாரத்தின் முடிவில், பவுலும் பர்னபாவும் முதல் மிஷனரிப் பயணம் முடித்து, தங்களை அனுப்பிய அந்தியோகியாவுக்கே திரும்புகிறார்கள். லிஸ்திராவில் கல்லெறிபட்ட பவுலின் உடம்பில் காயம் ஆறியிருக்குமோ என்னவோ. சபை கூடி, நடந்ததையெல்லாம் கேட்கிறது. அதன்பின் அவர்கள் சீஷர்களோடு அங்கே நெடுநாள் தங்குகிறார்கள். உடனே அடுத்த கன்வென்ஷனுக்கு யாரும் அவர்களை இழுத்துப் போகவில்லை.

அனுப்பும் சபைகளும் சங்கங்களும் இதைத் திட்டச் செலவிலேயே எழுத வேண்டும். திரும்பும் குடும்பத்துக்குக் குறைந்தது ஆறு மாதம் பொறுப்பு எதுவும் தராமல் சம்பளம். பயிற்சி பெற்ற மனநல ஆலோசகர் ஒருவரோடு பேச ஏற்பாடு. கணவன், மனைவி, பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக. பள்ளி மாறும் பிள்ளைக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்க ஓர் ஆசிரியர். எந்தச் சபையிலும் ஓய்வுபெற்ற ஆசிரியருக்குப் பஞ்சமில்லை. பாதியில் திரும்பியவருக்கும் முழுக்காலம் முடித்தவருக்கும் வரவேற்பில் வித்தியாசம் கூடாது. சாட்சிக்கு ஐந்து நிமிடம் என்ற வழக்கத்தை ஒழித்துவிட்டு, ஒரு மாலை முழுவதையும் ஒதுக்குங்கள். அதில் கஷ்டத்தையும் தோல்வியையும் சொல்ல அனுமதி உண்டு என்று ஆயரே முதலில் அறிவிக்கட்டும்.

கமிட்டி தீர்மானம் போடும்வரை வாசகர் காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் சபைக்கும் இந்த ஆண்டு ஒரு குடும்பம் திரும்பி வந்திருக்கும். வரும் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அவர்களை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடுங்கள். ‘ஊழியம் எப்படி இருந்தது?’ என்று பொதுவாகக் கேட்காதீர்கள். அங்கே பக்கத்து வீட்டில் யார் இருந்தார்கள், பிள்ளைகள் யாரோடு விளையாடினார்கள், புறப்பட்ட அன்று யார் அழுதார்கள் என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, அவர்கள் சொல்லி முடிக்கும்வரை எழுந்துபோகாமல் இருங்கள்.